செம்பு உருக்கினால் கந்தகம் எங்கே போகும்?

கேள்வி இது: செம்பு உருக்காலைப் புகையை அடக்கத் தொழில்நுட்பம் இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் இத்தனை நாடுகளில் இத்தனை ஊர்கள் ஏன் பாழாயின? தொழில் வளர வேண்டும் என்றால் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

தொழில்நுட்பம் இருக்கிறது. அதில் பாதி நூறு வருடத்துக்கு முன்பே இருந்தது. ஆனால் புகை அடங்கிய ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், புதுக் கருவி கண்டுபிடித்தார்கள், உடனே புகை அடங்கியது என்று சொல்லும்படி எந்த ஊரும் எனக்குத் தெரிந்து இல்லை. எங்காவது ஒரு நீதிமன்றம் தலையிட்டிருக்கும், அல்லது அமிலத்தை வாங்க ஆள் கிடைத்திருக்கும், அல்லது வேறு ஏதோ காரணத்துக்காக உலையை மாற்றியிருப்பார்கள். இதை விளக்க ஜப்பானின் ஆஷியோவைத்தான் முக்கியமாக எடுத்துக்கொள்ளப் போகிறேன். ஆசியாவில் தொழில்மயம் முதலில் வேரூன்றிய நாடு அது. அங்கே நடந்தது கிட்டத்தட்ட முழுமையாக ஆவணங்களில் இருக்கிறது.

அதற்கு முன் கொஞ்சம் கணக்கு. செம்புத் தாதுக்களில் முக்கியமானது சால்கோபைரைட். பித்தளை மாதிரி மின்னும். சுத்தமான சால்கோபைரைட்டில் எடைக்கணக்கில் செம்பு 34.6 சதவீதம், இரும்பு 30.4 சதவீதம், மிச்சம் 35 சதவீதம் கந்தகம். செம்பும் கந்தகமும் ஏறத்தாழ சமம். ஒரு டன் செம்பு எடுக்கிறீர்கள் என்றால் கூடவே ஒரு டன் கந்தகமும் வெளியே வந்தாக வேண்டும். காற்றில் எரிந்து போனால் அது இரண்டு டன் கந்தக டை ஆக்ஸைடு. பிடித்துப் பக்குவப்படுத்தினால் மூன்று டன்னுக்குக் கொஞ்சம் மேல் கந்தக அமிலம். எடையை மட்டும் வைத்துப் பெயரிடுவதானால் செம்பு உருக்காலையைக் கந்தக ஆலை என்றுதான் சொல்ல வேண்டும். செம்பு விற்கிறது, அதனால் அந்தப் பெயர்.

இரும்பு கசடாகப் போகும். மணலைச் சேர்த்து உருக்கினால் இரும்பு அதோடு சேர்ந்து கறுப்புக் கண்ணாடி போன்ற கசடாகப் பிரியும். ஒரு டன் செம்புக்கு இரண்டு டன்னுக்கு மேல் கசடு விழும். தாதுவில் ஒட்டிக்கொண்டு வரும் ஆர்சனிக், காரீயம், காட்மியம் போன்றவை அளவில் சிறியவை. ஆனால் கடைசிவரை ஊரை விட்டுப் போகாதவை இவைதான். இவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பழைய காலத்தில் விறகை அடுக்கி, அதன்மேல் தாதுவைக் குவித்துத் தீ வைத்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் கந்தகமே எரிபொருளாகிவிடும். குவியல் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் புகைந்துகொண்டே கிடக்கும். இதற்குப் புகைபோக்கிகூடக் கிடையாது. புகை தரையோடு தரையாகப் படரும். அது படர்ந்த இடத்தில் முதலில் பைன் மாதிரியான மரங்கள் கருகும், பிறகு புதர், பிறகு புல். வேர் பிடிப்பு போனதும் அடுத்த மழையில் மண் போகும். கனடாவின் சட்பரியில் 1929 வரை இப்படித்தான் செய்தார்கள்.

இப்போது ஆஷியோ. டோக்கியோவுக்கு வடக்கே டொச்சிகி மாகாணத்து மலைகளுக்குள் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டிலிருந்து செம்பு வெட்டிய இடம். மெய்ஜி ஆட்சி வந்தபோது கிட்டத்தட்ட ஓய்ந்து கிடந்தது. 1877-ல் ஃபுருகாவா இச்சிபே என்ற வணிகர் அதை வாங்கினார். சில வருடங்களில் பெரிய தாது நரம்புகள் அகப்பட்டன. 1880-களின் நடுப்பகுதியிலேயே ஜப்பானின் முதல் செம்புச் சுரங்கம் அதுதான். 1890-ல் அங்கே நீர்மின் நிலையம் வந்துவிட்டது. 1893-ல் பெசமர் முறை கன்வர்ட்டர், அதாவது உருகிய செம்பில் காற்றை ஊதிச் சுத்தப்படுத்தும் உலை, வந்துவிட்டது. ஆக, விவரம் தெரியாத பட்டிக்காட்டுப் பட்டறை என்று அதைத் தள்ளிவிட முடியாது. அன்றைக்கு ஆசியாவில் அதைவிட நவீனமான செம்புத் தொழில் இருந்ததா என்பதே சந்தேகம்.

ஆஷியோ மலையிலிருந்து வதராஸே என்ற ஆறு இறங்குகிறது. கீழே சமவெளியில் நெல், பட்டுப்பூச்சிக்காக முசுக்கொட்டை, அவுரி. வதராஸேயில் வெள்ளம் வருவது புதிதில்லை. பழைய நாட்களில் மலைக்காட்டு மட்கை அடித்துக்கொண்டு வந்து வயலில் பரப்பிவிட்டுப் போகும்; அதனால் எரு அதிகம் போட வேண்டியதில்லை என்று குடியானவர்கள் அந்த வெள்ளத்தை ஓரளவு வரவேற்கவே செய்தார்கள். 1885-ல் ஆற்றில் அயு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. 1890 ஆகஸ்டில் வந்த பெருவெள்ளம் இறங்கிய பிறகு வயலில் நின்றது பழைய வண்டல் இல்லை. நாற்று பிடிக்கவில்லை. அந்த நிலத்து முசுக்கொட்டை இலையைத் தின்ற பட்டுப்புழுக்கள் செத்தன.

வயலைப் பார்த்தாலே நோய் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கும். வாய்க்கால் தண்ணீர் மடை வழியாக வயலுக்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது. கலங்கலில் இருக்கும் செம்பு அங்கேயே படிகிறது. எனவே மடைவாயை ஒட்டிய பயிர்தான் முதலில் குன்றும். உள்ளே போகப் போகக் கொஞ்சம் தேறியிருக்கும். பூச்சியோ பூஞ்சையோ இப்படித் தண்ணீர் போகும் வழியைப் பின்பற்றிப் பயிரை அழிக்காது. நீர்ப்பாசனம் தெரிந்த யாருக்கும் இது எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. கடைசியில் அங்குள்ளவர்கள் வயலின் மேல்மண்ணை வழித்து மூலையில் மேடு மேடாகக் குவித்தார்கள். ஏற்கெனவே சிறிய வயல். அதில் ஒரு பகுதி இந்த நச்சு மேட்டுக்குப் போயிற்று.

1890-ல் ஜப்பானில் முதல் நாடாளுமன்றம் கூடியது. டொச்சிகியிலிருந்து தேர்வானவர் டனாகா ஷோசோ. 1891 டிசம்பரில் அவர் கேட்டது எளிமையான கேள்வி: சுரங்கம் பொதுநலனுக்குத் தீங்கு செய்தால் உரிமத்தை ரத்து செய்யலாம் என்று சட்டம் இருக்கிறதே, ஏன் செய்யவில்லை? விவசாய, வணிக அமைச்சராக இருந்தவர் முட்சு முனெமிட்சு. அவருடைய இரண்டாவது மகனை ஃபுருகாவா இச்சிபே தத்து எடுத்திருந்தார். சம்பந்தி வீடு மாதிரி ஆகிவிட்டது. பதில் எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்: பாதிப்பு உண்மைதான், காரணம் இன்னும் உறுதியாகவில்லை, ஆனாலும் சுரங்கத்தார் வெளிநாட்டிலிருந்து தூள் தாதுவைப் பிடிக்கும் கருவி வாங்குகிறார்கள். காரணமே தெரியாதபோது கருவி எதற்கு என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். ஏகாதிபத்தியப் பல்கலைக்கழக விவசாயக் கல்லூரியின் கோஸாய் யோஷினாவோ மண்ணைச் சோதித்து, செம்புதான் காரணம் என்று சொல்லிவிட்டார். அறிவியலில் இழுபறி எதுவும் இல்லை.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள், ஏனென்றால் இதே வரிசை பிற்பாடு பல நாடுகளில் திரும்ப வருகிறது. கருவி வந்துவிட்டது, இனிப் பாதிப்பு இருக்காது என்று சொல்லி, சிறு தொகை கொடுத்து, மேற்கொண்டு புகார் செய்வதில்லை என்று எழுதி வாங்கினார்கள். சில ஒப்பந்தங்களில் இது நிரந்தரமானது என்றே எழுதியிருந்தது. 1896-ல் முந்தையதைவிடப் பெரிய வெள்ளம் வந்தது. கருவியின் லட்சணம் அதில் தெரிந்துபோயிற்று. 1897-ல் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் டோக்கியோவுக்கு நடந்தார்கள். அரசு அசைந்தது, அதே வருடம் மே மாதம் வண்டல் தொட்டி, வடிகட்டிப் படுகை, புகையில் சுண்ணாம்புப் பால் தெளிக்கும் கோபுரம் எல்லாம் கெடுவுக்குள் கட்டியாக வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஃபுருகாவா பெரும் பணம் செலவழித்துக் கெடுவுக்குள் கட்டியும் முடித்தார். தண்ணீர் ஓரளவு தெளிந்தது. கோபுரம் கந்தகத்தைப் பிடிக்கவில்லை. ஏராளமான புகையில் மெலிந்து கலந்திருக்கும் வாயுவைச் சுண்ணாம்பு நீரைத் தெளித்துப் பிடிக்கும் அளவுக்கு அன்றைய கோபுரங்கள் போதாது. ஆனால் காகிதத்தில் உத்தரவு நிறைவேறிவிட்டது. இனி ஆஷியோவில் மாசு இல்லை.

1900 பிப்ரவரி 13 அன்று மறுபடியும் டோக்கியோவுக்குக் கிளம்பியவர்களைக் கவாமட்டா என்ற இடத்தில் போலீஸ் அடித்துக் கலைத்தது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மீது வழக்கு. 1901 டிசம்பர் 10. பதவியை விட்டு விலகிய டனாகா, நாடாளுமன்றத்தைத் திறந்துவைத்துத் திரும்பிக்கொண்டிருந்த பேரரசரின் வண்டியை நோக்கி மனுவைத் தூக்கிப் பிடித்தபடி ஓடினார். அறுபது வயது. பிடித்துக்கொண்டு போனார்கள், பைத்தியம் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். வழக்குப் போட்டால் மனுவில் இருந்ததெல்லாம் நீதிமன்றத்தில் பேசப்படும் என்பதும் காரணமாக இருந்திருக்கலாம். மறுநாள் நாடு முழுக்கச் செய்தி.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்துவது இதற்கு அடுத்த கட்டம். அரசு இன்னொரு குழு போட்டது. அந்தக் குழு சொன்னது: வயலில் இருக்கும் செம்பு பெரும்பாலும் 1897-க்கு முந்தைய மிச்சம், இப்போதைய பிரச்சினை வெள்ளம், வெள்ளத்தைத் தேக்க ஒரு பெரிய தாழ்நிலம் வேண்டும். நச்சுப் பிரச்சினை ஒரே அறிக்கையில் வெள்ளப் பிரச்சினையாக மாறியது. வெள்ளம் ஏன் கூடியது என்ற கேள்வியும் அதில் கரைந்துபோயிற்று. சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுக்கும் மரத்துக்கும் உலைக்கு விறகுக்கும் காட்டை வெட்டியிருந்தார்கள். வெட்டாத மரத்தைப் புகை கருக்கியிருந்தது. மொட்டை மலையிலிருந்து மண் இறங்கி ஆற்றுப் படுகை மேடேறியிருந்தது. உருக்காலைக்கு மேலே இருந்த மட்சுகி என்ற கிராமம் 1902-க்குள் காலியாகிவிட்டது. தேக்கத்துக்காகத் தேர்ந்தெடுத்த இடம் யனாகா என்ற கிராமம். போராட்டத்தின் மையமாக இருந்ததும் அதுதான். டனாகா 1904-ல் அங்கே போய்க் குடியேறினார். 1906-ல் கிராமம் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. 1907-ல் கடைசியாக இருந்த 16 வீடுகளை நில எடுப்புச் சட்டத்தின்கீழ் இடித்தார்கள். 1913-ல் டனாகா இறந்தபோது அவரிடம் இருந்தது ஒரு பை. அதில் நாட்குறிப்புகள், புதிய ஏற்பாடு, ஜப்பானிய அரசியலமைப்பு, ஆற்றில் பொறுக்கிய கூழாங்கல் மூன்று.

இத்தனைக்கும் நடுவே செம்பு ஜப்பானின் முக்கிய ஏற்றுமதிச் சரக்கு. போர்க்கப்பல் வாங்கும் அந்நியச் செலாவணியில் அதற்கும் பங்கு உண்டு. 1904-ல் ரஷ்யாவோடு போரும் வந்தது. எனவே யாருடைய கெட்ட குணம் என்று தேடுவதில் பெரிய பயன் இல்லை. அன்றைய அரசின் கணக்கில் வதராஸே நெல்லைவிட ஆஷியோ செம்பு கனமாக இருந்தது. அவ்வளவுதான்.

புகையை என்ன செய்தார்கள்? ஜப்பானின் மற்ற இரண்டு சுரங்கங்கள் வேறு வேறு வழிகளில் முயன்றன. ஷிகோகு தீவில் சுமிட்டோமோ குடும்பத்தின் பெஷ்ஷி சுரங்கம் 1691 முதல் இருந்தது. அதன் உருக்காலைப் புகைக்கு எதிராக 1890-களில் விவசாயிகள் கிளம்பியதும், உருக்காலையை அப்படியே தூக்கிக் கடலில் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, ஆளில்லாத ஷிசகா தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். 1905-ல் அங்கே உலை எரிந்தது. தீவில் யாரும் இல்லை, பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தார்கள். கடற்காற்று புகையைத் திரும்பக் கரைக்குக் கொண்டுவந்தது. முன்பு ஒரு பகுதியில் மட்டும் கருகிய பயிர் இப்போது அதைவிடப் பரந்த வட்டாரத்தில் கருகியது. 1910-ல் நஷ்ட ஈட்டோடு, உருக்கும் அளவுக்கு வரம்பு, பயிருக்கு முக்கியமான நாட்களில் உலையைக் குறைப்பது என்று ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. அந்த நெருக்கடிதான் வேறு பக்கம் திரும்ப வைத்தது: 1913-ல் கந்தகத்தை உரமாக மாற்ற ஒரு தொழிற்சாலை தொடங்கினார்கள். இன்றைய சுமிட்டோமோ கெமிக்கலின் பிறப்பு அதுதான். ஆனாலும் புகை முழுமையாக அடங்க 1939 ஆயிற்று.

ஹிட்டாச்சி சுரங்கம் 1914-ல் 155.7 மீட்டர் உயரப் புகைபோக்கி கட்டியது. அன்றைக்கு உலகிலேயே உயரமானது. உயரமான புகைபோக்கியை நான் மொத்தமாகக் கேலி செய்ய மாட்டேன். ஹிட்டாச்சியில் அது வேலை செய்தது. காற்றின் திசையை அளக்க மலைகளில் நிலையங்கள் வைத்து, காற்று ஊர்ப்பக்கம் திரும்பினால் உலையைக் குறைத்து, புகையைத் தாங்கும் ஒருவகைச் செர்ரி மரங்களை ஏராளமாக நட்டு, இவை எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்தது. புகைபோக்கியை மட்டும் நகல் எடுத்தவர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை. சட்பரியில் 1972-ல் இயங்கத் தொடங்கிய பெரிய புகைபோக்கி 381 மீட்டர். நகரத்தின் காற்று தெளிந்தது, கந்தகம் அமில மழையாக வெகுதூரத்தில் இறங்கியது. உள்ளே போகும் கந்தகம் அப்படியே இருக்க, விழும் இடம் மட்டும் மாறுகிறது. எண்பதுகளில் ஒண்டாரியோ அரசு உச்ச வரம்பு போட்ட பிறகுதான் ஆலைக்குள் மாற்றம் வந்தது. வெளியேற்றம் அவ்வளவு குறைந்ததால், அத்தனை பெரிய புகைபோக்கிக்கு வேலை இல்லாமல்போய் 2020-ல் அதை ஓய்வு பெறவும் வைத்துவிட்டார்கள்.

நீதிமன்றத்தின் பங்குக்கு அமெரிக்காவின் டக்டவுன் நல்ல உதாரணம். டென்னசி மாநிலத்தின் தென்கிழக்கு மூலை, ஜார்ஜியா எல்லையை ஒட்டியது. அங்கேயும் குவியலில் வறுப்பதுதான்; சுற்றிலும் பல மைலுக்குச் செம்மண் பொட்டல். சிறு விவசாயிகள் டென்னசி உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1904-ல் தீர்ப்பு: பாதிப்பு உண்மை, நஷ்ட ஈடு வாங்கிக்கொள்ளுங்கள், ஆலையை நிறுத்தச் சொல்ல மாட்டோம். காரணமாக நீதிமன்றம் சொன்னது ஒரு தராசுக் கணக்கு. வழக்குப் போட்டவர்களின் நிலம் எல்லாம் சேர்ந்து ஆயிரம் டாலர்கூடப் பெறாது. ஆலைகளின் மதிப்போ இருபது லட்சம் டாலர் அளவில். ஜப்பானிய அமைச்சர் சொல்லாமல் சொன்னதை இவர்கள் வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள்.

ஆனால் புகை மாநில எல்லையைத் தாண்டியது. ஜார்ஜியா அரசே நேரடியாக அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1907-ல் நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பில் தராசு இல்லை. தன் மலையில் காடு இருக்க வேண்டுமா, தன் மக்கள் எந்தக் காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்பதில் கடைசி வார்த்தை ஒரு மாநிலத்துக்கு உண்டு. அதைப் பணத்தால் அளக்க வேண்டியதில்லை என்பதே அதன் சாரம். தடை உத்தரவு தலைக்கு மேல் தொங்கியதும் ஆலைகள் அமிலம் தயாரிக்கத் தொடங்கின. முன்பு முடியாது என்றது முடிந்தது. தெற்கத்திப் பருத்தி நிலங்களுக்குச் சூப்பர் பாஸ்பேட் உரம் வேண்டும், அதற்குக் கந்தக அமிலம் வேண்டும். சந்தை பக்கத்திலேயே இருந்தது. கொஞ்ச காலத்தில் அங்கே செம்பைவிட அமிலமே முக்கியச் சரக்கு ஆகிவிட்டது. நிலம் மட்டும் உடனே திரும்பவில்லை. 1930-களிலிருந்து மரம் நட்டு நட்டுப் பல பத்தாண்டுகள் ஆயின.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மனம்தான் காரணம், தொழில்நுட்பம் ஒரு சாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. அமிலம் செய்வது பழைய வித்தை. ஈயத் தகடு வேய்ந்த அறைகளில் செய்யும் முறை 1746-லிருந்து இருக்கிறது. வினையூக்கி வைத்துச் செய்யும் இன்றைய முறைக்கு 1831-லேயே பிரிஸ்டலைச் சேர்ந்த ஒரு வினிகர் வியாபாரி காப்புரிமை எடுத்துவிட்டார், தொழில்முறையில் ஓட 1900 ஆயிற்று. ஆனால் இவற்றுக்குச் செறிவான, சீரான வாயு வேண்டும். திறந்த குவியலிலிருந்து எதையும் பிடிக்க முடியாது. பிறகு வந்த எரியூட்டு உலைகளில்கூட நிலக்கரிப் புகையோடு கலந்து கந்தக வாயு ஓரிரு சதவீதமே இருக்கும். வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியில் இதே பிரச்சினைதான். 1820-களில் புகையை அடக்குபவருக்குப் பரிசு அறிவித்து, மைக்கேல் ஃபாரடேவரை ஆலோசனை கேட்டும் பெரிதாக நகரவில்லை. அமிலத்தை மலைக்காட்டிலிருந்து வெளியே கொண்டுபோவதும் சாதாரண வேலையில்லை.

முடிச்சை அவிழ்த்தது ஃபின்லாந்தின் அவுட்டோகும்பு நிறுவனம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே மின்சாரத் தட்டுப்பாடு. மின் உலையில் செம்பு உருக்கிக் கட்டுப்படியாகவில்லை. எனவே தாதுவை மாவாகப் பொடித்து, சூடான காற்றோடு உலைக்குள் ஊதினார்கள். கந்தகமும் இரும்பும் அந்தரத்திலேயே பற்றி எரிந்து தேவையான வெப்பத்தைத் தாங்களே கொடுத்தன. 1949-ல் ஹர்யவல்ட்டாவில் இது ஓடியது. வெளி எரிபொருள் குறைந்ததால் வாயுவில் கந்தகம் செறிவாக வந்தது, அமில ஆலைக்கு ஏற்ற மாதிரி. மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போய்ப் புகைக்கு மருந்து கிடைத்தது. ஆஷியோ 1956-ல் இந்த உலையை வாங்கி அமில ஆலையோடு இணைத்தது. மீன் செத்து மிதந்த 1885-லிருந்து எண்ணினால் 71 வருடம்.

கந்தகக் கதை அங்கே முடிந்தது, உலோகக் கதை முடியவில்லை. 1958-ல் ஆஷியோவின் கழிவுத் தேக்கம் ஒன்று உடைந்து வதராஸே ஓர வயல்களில் மறுபடி கழிவு புகுந்தது. 1971-ல் அந்தப் பகுதி அரிசியில் காட்மியம் தெரிந்தது. 1973-ல் சுரங்கம் மூடியது. 1974-ல்தான் ஃபுருகாவா நிறுவனம் பொறுப்பை ஏற்று 155 கோடி யென் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2011 மார்ச் நிலநடுக்கத்தில் பழைய கழிவு மேடு ஒன்று சரிந்து, ஆற்று நீரில் காரீயம் அனுமதித்த அளவைத் தாண்டியது. சுரங்கம் மூடி 38 வருடம் கழித்து. வாயு நின்றால் மரம் என்றைக்காவது துளிர்க்கும். மண்ணில் இறங்கிய உலோகம் தானாகப் போகாது.

நம் ஊருக்கு வருவோம், இந்தக் கேள்வியைத் தமிழில் கேட்பவர்கள் மனதில் தூத்துக்குடி இல்லாமல் இருக்காது. ஸ்டெர்லைட் ஆலை முதலில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் வருவதாக இருந்தது. அங்கே மாம்பழ விவசாயிகளும் மீனவர்களும் எதிர்த்ததால் 1993-ல் நின்றது. 1994-ல் தூத்துக்குடியில் அடிக்கல். 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஆனால் முறையான இசைவின்றியும் மாசு ஏற்படுத்தியும் இயங்கியதற்காக 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. 2018 மே 22 போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு, 13 பேர் சாவு, மே 28-ல் மூட அரசாணை. 2020-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளியது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தது. அதிகம் பேசப்படாத ஒன்று: 2018 ஏப்ரலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தபோது ஐந்து காரணங்கள் சொன்னது. நிலத்தடி நீர்ச் சோதனை அறிக்கை தரவில்லை. உப்பாற்றின் கரையில் கொட்டிய செம்புக் கசடை அகற்றவில்லை. அபாயகரமான கழிவுக்கான அங்கீகாரம் நடப்பில் இல்லை. ஆர்சனிக் போன்ற உலோகங்களுக்கான காற்றுச் சோதனை செய்யவில்லை. ஜிப்சம் தேக்கத்தை விதிப்படி கட்டவில்லை. ஐந்தில் ஒன்றுகூடப் புகைபோக்கி வழியே போகும் கந்தக வாயுவைப் பற்றியது இல்லை.

இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அது அமில ஆலையோடு கட்டிய நவீன உருக்காலை. கந்தகத்தை அமிலமாக்கி, அந்த அமிலத்தில் பாஸ்பேட் பாறையைக் கரைத்துப் பாஸ்பாரிக் அமிலம் செய்தார்கள். அந்த வேலையில் கழிவாக ஜிப்சம் மலையாகச் சேரும். பழைய ஆலையில் வானத்துக்குப் போனது புதிய ஆலையில் மேடாக நிற்கிறது. மேட்டுக்குக் கீழே என்ன இறங்குகிறது என்று தொடர்ந்து சோதிப்பதுதான் வேலை. அந்தச் சோதனைத் தாள்தான் இல்லை என்றார்கள்.

ஆகவே, பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. செம்பு இல்லாமல் மின்கம்பியோ மோட்டாரோ இல்லை, எங்காவது உருக்கியே ஆக வேண்டும் என்பதும் உண்மை. ஒரு உருக்காலை வருகிறது என்றால் எதைக் கேட்க வேண்டும் என்பதற்குக் கணக்கு ஒன்றைத் தருகிறேன். வருடம் 4 லட்சம் டன் செம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். செறிவூட்டிய தாதுவில் செம்பு 28 சதவீதம் என்றால் சுமார் 14 லட்சம் டன் தாது வேண்டும். அதில் கந்தகம் 30 சதவீதம், அதாவது 4.3 லட்சம் டன். அமிலமாக வெளியேறினால் 13 லட்சம் டன். எத்தனை டன் தாது வந்தது, எத்தனை டன் அமிலம் போனது, கசடிலும் ஜிப்சத்திலும் எவ்வளவு என்று மூன்று பதிவேடுகளையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் காற்றில். அளக்கும் கருவியை யாரும் திருப்பி வைக்கலாம். துறைமுகத்தில் இறங்கிய தாதுவின் எடைச் சீட்டைத் திருத்துவது அவ்வளவு சுலபமில்லை.

99 சதவீதம் பிடிக்கிறோம் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். மேலே சொன்ன ஆலையில் அந்த ஒரு சதவீதம் வருடத்துக்கு 8,600 டன் கந்தக டை ஆக்ஸைடு, நாளைக்கு 23 டன்னுக்கு மேல். 99.9 என்றால் நாளைக்கு 2.4 டன்னுக்கு இறங்கிவிடும். இன்றைய இரட்டை உறிஞ்சல் அமில ஆலைகளால் அந்த அளவை நெருங்க முடியும். ஆனால் அமிலப் பிரிவு ஏதோ கோளாறில் நின்று, உலை ஒரே ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் வெளியே போவது சுமார் 100 டன். 99.9 கணக்கில் நாற்பது நாளைக்கு மேல் போக வேண்டியது அந்த ஒரு மணி நேரத்தில் போகிறது, அதுவும் பெரும்பாலும் ஆலையை நிறுத்தித் திரும்பத் தொடங்கும்போது. ஆகவே பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் வருடச் சராசரியோடு திருப்தி அடைய வேண்டாம். அமிலப் பிரிவு நின்றால் உலைக்குத் தாது போவது தானாக நிற்குமா, அந்தப் பூட்டை யாராவது கையால் கழற்ற முடியுமா, கழற்றினால் அது எங்கே பதிவாகும், அந்தப் பதிவை ஊர்க்காரர்கள் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.